புறவழிச்சாலை ஓரத்து நிலம்: கோவை மாஸ்டர் பிளான் வரைவுக்கு (2024) மனு எழுதப் போகிறோம், என்ன கேட்பது?

தோப்புவழி எழுதியது:

கோவை நண்பர்களுக்கு வணக்கம். மேற்குப் புறவழிச்சாலை போகிற பக்கம் எங்களுக்கு ஐந்தேகால் ஏக்கர் இருக்கிறது. முக்கால்வாசி தென்னை, நடுவில் பாக்கு ஊடுபயிர், ஒரு மூலையில் மஞ்சள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை. சாலைக்கு எங்கள் நிலத்தில் ஒரு செண்ட் கூட எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் நட்ட கல்லிலிருந்து எங்கள் வேலி நாற்பது அடிதான்.

2024 பிப்ரவரியில் கோயம்புத்தூர் மாஸ்டர் பிளான் 2041 வரைவு, அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்கிற திட்டம், வந்தது எல்லோருக்கும் தெரியும். 1994-இல் ஒப்புதல் ஆன பழைய பிளானை வைத்தே முப்பது வருடம் ஓட்டிவிட்டு இப்போது 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். நான் அதை இறக்கி, பெரிதாக்கிப் பெரிதாக்கி, எழுத்தெல்லாம் உடைந்து போகிற அளவுக்குப் பார்த்தேன். எங்கள் தோட்டம் பச்சை, அதாவது விவசாய உபயோகம். அது சரி. ஆனால் நடுவில் ஒரு புள்ளிக் கோடு போகிறது, திட்டச் சாலையாம். கிராம வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு சரியாக எங்கள் கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் மேல் விழுகிறது. அந்தக் கிணறு தாத்தா வெட்டியது, பக்கத்தில் இரண்டு போர் போட்டும் தண்ணீர் வராமல் திரும்ப இதற்கே வந்தோம்.

இதற்கிடையில் போன வாரம் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தார். கையில் அச்சடித்த மனு. "சாலைக்கு இரண்டு பக்கமும் வணிக உபயோகமாக மாற்றித் தர வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. எங்கள் சர்வே நம்பரைப் பென்சிலில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார். "ஊரே கொடுக்குதுங்க, நீங்க மட்டும் கொடுக்கலைன்னா இன்னும் இருபது வருசத்துக்குப் பச்சையிலயே மாட்டிக்குவீங்க" என்றார். சித்தப்பா பேனாவை எடுத்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார். வீட்டில் இரண்டு நாளாகச் சரியான பேச்சு இல்லை.

நான் கேட்பது மூன்று விஷயம். பச்சையில் விட்டால் உண்மையிலேயே மாட்டிக்கொள்வோமா? அந்தப் புள்ளிக் கோட்டுக்கு யாரிடம், எப்படி எழுதுவது? அப்புறம், சாலை ஓரம் முழுக்க வணிகம் என்று மாற்றினால் ஊருக்கு நல்லதா கெட்டதா? மூன்றாவதைத்தான் அப்பா கேட்கச் சொன்னார்.

---

நீலாம்பூர் பக்கம் எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் நான் அதற்குள்ளேயே குடியிருக்கிறேன். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற பழைய புறவழிச்சாலை, 28 கிலோமீட்டர். கேரளாவுக்கும் சேலத்துக்கும் போகிற லாரி ஊருக்குள் வரக் கூடாது என்று போட்ட ரோடு. அந்த வேலையை அது இன்னும் செய்கிறது, ஆனால் இரண்டு வழிச் சாலை, ஓரத்தில் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு கிடையாது. அதில் வரிசையாக முதலில் குடோன், அப்புறம் தாபா, கார் ஷோரூம், கல்யாண மண்டபம். ஒவ்வொன்றுக்கும் நேராக மெயின் ரோட்டில் ஒரு வாசல்.

முகூர்த்த நாளில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். மண்டபத்துக்குள் நுழையக் காத்திருக்கிற கார் வரிசை ரோட்டிலேயே நிற்கும், பின்னால் பதினாலு சக்கர லாரி பிரேக் போட்டுக்கொண்டு வரும். பக்கத்துக் கடைக்குப் போக வேண்டிய பைக் ஓட்டுகிறவர் ஒரு கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் எதிர்ப்பக்கமாகவே வருவார். நானும் அப்படி வந்திருக்கிறேன், வேறு வழியே வைக்கவில்லை. சிந்தாமணிப்புதூர் சந்திப்பில் திருச்சி ரோட்டைக் கடக்க என் அம்மா ஒருநாள் முழுதாகப் பதினைந்து நிமிடம் நின்றார்.

இன்னொன்று யாரும் சொல்லாதது. முன்னால் இருக்கிற முதல் வரிசை நிலத்துக்குத்தான் விலை. அதற்குப் பின்னால் இருக்கிறவருக்கு என்ன? எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவருக்கு இரண்டு ஏக்கர். முன்னால் இருந்தவர் காம்பவுண்டு கட்டியதும் அவருடைய வண்டிப்பாதை போயே போய்விட்டது. இப்போது வரப்பில் நடந்துதான் உரமூட்டை தூக்குகிறார்கள். வரைபடத்தில் சாலை ஓரமாக வணிகத்துக்கான நீலப் பட்டை அடித்துவிட்டால் முதல் நூறு மீட்டர் கடையாகும், அதற்குப் பின்னால் இருப்பது வழியில்லாத காடாகும்.

அப்புறம் தண்ணீர். ரோட்டோரப் பள்ளத்தை ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொருவராக மண் போட்டு மூடினார்கள், சிலர் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள், சிலர் அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், முப்பது வருடத்துக்கு முன்னால் அப்படி நின்றதே இல்லை என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். மேற்கே உங்கள் பக்கம் நொய்யலும் அதன் வாய்க்கால்களும் இருக்கின்றன. அங்கே இதே மாதிரி நடந்தால் எங்களுக்கு நடந்ததைவிட மோசமாகும். அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

---

பழைய வரைபடக்காரர் எழுதியது:

நகர் ஊரமைப்பு வேலையில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன். தம்பி, முதலில் பயத்தை விடுங்கள், பச்சை என்பது பூட்டு கிடையாது.

1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. 26-ஆம் பிரிவில் வரைவை அறிவித்து, குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபனையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். அதைப் பரிசீலித்து அரசுக்கு அனுப்பி, 28-ஆம் பிரிவில் அரசு ஒப்புதல் தந்தால்தான் பிளான் உயிர் பெறும். அதற்குப் பிறகும் தனி சர்வே நம்பருக்கு உபயோக மாற்றம் கேட்கலாம், 32-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. செலவும் அலைச்சலும் உண்டு, நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், நஞ்சை என்றால் வேளாண் துறையின் கருத்து வேண்டும். ஆனால் வழி இருக்கிறது. பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கேட்டாலும் இருக்கும். அதனால் "இப்போது விட்டால் போச்சு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புக்கான மஞ்சளோ வணிகத்துக்கான நீலமோ அடித்துவிட்டால் நாளைக்கே தென்னையை வெட்ட வேண்டும் என்றும் இல்லை, நீங்கள் விவசாயம் செய்துகொண்டே இருக்கலாம். ஆனால் சுற்றிலும் விலை ஏறி வழிகாட்டி மதிப்பும் ஏறினால், நாளைக்கு அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துப் பதிவு செய்யும்போதும் சரி, பக்கத்து அரை ஏக்கரை வாங்கிச் சேர்க்க நினைத்தாலும் சரி, அந்த மதிப்பு குறுக்கே வரும்.

அந்தப் புள்ளிக் கோடுதான் உங்களுக்கு அவசரம். இவ்வளவு பெரிய பரப்புக்குச் சின்ன அளவுகோலில் கோடு போடுகிறவர் உங்கள் கிணற்றைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நானே அப்படிப் போட்டிருக்கிறேன், பிறகு நேரில் போய்ப் பார்த்தபோது கோட்டின் மேல் ஒரு கோயில் இருந்தது. கோடு அப்படியே ஒப்புதல் ஆனால், அந்த இடத்தில் மோட்டார் ரூமைப் பெரிதாக்கக் கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும், பணமும் வராது. ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வந்த மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கையோ பேசி வாங்குவதோ நடக்கவில்லை என்றால் அது விடுபட்டதாகக் கருதப்படும் என்று 38-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நிலைநாட்டப் பலர் நீதிமன்றப் படி ஏறித்தான் வாங்கினார்கள். இப்போதே ஒரு மனுவில் சரி செய்வது எவ்வளவோ சுலபம்.

மனு எழுதும்போது "எங்கள் நிலம் பாதிக்கிறது" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு மூன்றும் வேண்டும். உங்கள் சர்வே நம்பரின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகலில் கிணற்றை, மோட்டார் ரூமை, வாய்க்காலைச் சிவப்பு மையில் குறித்து, கோட்டை எங்கே நகர்த்தலாம் என்று நீங்களே ஒரு மாற்று காட்டுங்கள். பட்டா நகல், கிணற்றின் போட்டோ, மின் இணைப்பு ரசீது சேருங்கள். மாற்றுப் பாதை காட்டிய மனுவைத் தள்ளுவது அலுவலருக்குக் கஷ்டம், காரணம் எழுத வேண்டியிருக்கும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை வாங்காமல் திரும்ப வராதீர்கள்.

மேற்குப் பக்கம் என்பதால் ஒன்று கூடுதல். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில், நாம் ஹாகா என்று சொல்வது, உங்கள் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறம் மாறினாலும் அந்தக் குழுமத்தின் அனுமதி தனியாக வேண்டும். புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

---

செம்மேட்டு விவசாயி எழுதியது:

எல்லோரும் பச்சையைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள், நான் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எனக்கும் தென்னைதான். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த வெள்ளை ஈ எங்கள் தோப்புக்கு வந்து ஓலை முழுக்கக் கருப்பாகி நின்ற வருடம் காய் பாதியாகப் போனது. அதிலிருந்து எழுவதற்குள் வாடல் நோய். மரம் ஏற ஆள் கிடையாது. ராத்திரி யானை வந்தால் பட்டாசு வெடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வரைபடத்தில் பச்சை அடித்து வைத்தால் விவசாயம் தானாக நடந்துவிடாது. என் மகள் படிப்புக்கு அரை ஏக்கர் விற்க வேண்டும் என்றால் நான் விற்கத்தான் வேண்டும், அதற்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா?

இன்னொன்று, பச்சையிலும் விற்பனை நடக்காமல் இல்லை. பண்ணை நிலம் என்று சொல்லி பத்துப் பத்து செண்டாகக் கம்பி வேலி போட்டு விற்கிறார்கள். ரோடு கிடையாது, சாக்கடை கிடையாது, அங்கீகாரமும் கிடையாது. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று நிறுத்தியபோது எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நகை வாங்கப் பணம் வைக்காமல் மனையில் போட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த வருடம் வரன்முறை வந்தது, அதற்கும் கட்டணம் கட்டினார்கள். மாற்ற வேண்டிய இடத்தை ஒழுங்காக மாற்றிக் கொடுத்திருந்தால் அந்த அலைச்சலே இல்லை. அதனால் "மாற்றவே கூடாது" என்று எழுதாதீர்கள். எப்படி மாற்றுவது என்று எழுதுங்கள்.

---

வண்டலூர்க்காரன் எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் வெளிவட்டச் சாலை வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். அதற்கு 122 மீட்டர் அகலம் ஒதுக்கினார்கள், அதில் சாலை போக ரயிலுக்கும் பிற்கால வளர்ச்சிக்கும் இடம் விட்டார்கள், இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு உண்டு. அதனால் பக்கத்து மனைக்குப் போகிற வண்டி வேகச் சாலைக்குள் நேராக நுழைவதில்லை. குறை நிறைய இருக்கிறது, தெருவிளக்கு, வடிகால் என்று பேசினால் தனித் திரி வேண்டும். ஆனால் இடத்தை முதலிலேயே பிடித்து வைத்ததன் அருமை அந்தச் சாலையில் வண்டி ஓட்டும்போது தெரிகிறது. கடை வந்த பிறகு சர்வீஸ் ரோட்டுக்கு இடம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். உங்கள் மனுவில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

---

பழைய வரைபடக்காரர் எழுதியது:

செம்மேட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கக் கூடாது. விற்க வேண்டியவர் விற்கத்தான் செய்வார். எங்கே, எந்த ஒழுங்கில் என்பதுதான் பிளான் சொல்ல வேண்டியது.

மேற்குப் புறவழிச்சாலை மொத்தம் 32 கிலோமீட்டர் சொச்சம், மதுக்கரைப் பக்கத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை, முதல் கட்டம் மாதம்பட்டி வரை. இவ்வளவு நீளத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரே பட்டையாக நீலம் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை, நீலாம்பூர் நண்பர் அதன் விளைவைச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகப் பாலக்காடு ரோடு, சிறுவாணி ரோடு, மருதமலை ரோடு, தடாகம் ரோடு என்று பழைய சாலைகளை வெட்டுகிற சந்திப்புகளில் மட்டும், சாலையோரமாக நீட்டாமல் உள்பக்கம் ஆழமாக, உள்ளே குறுக்குத் தெருக்களோடு கொடுக்கலாம். கடை வாசல் குறுக்குத் தெருவில் இருக்கும், புறவழிச்சாலையில் இருக்காது. இடையில் இருக்கிற நீளம் தோப்பாகவே இருக்கட்டும்.

அப்படிக் கொடுக்கும் இடத்தில் முதல் வரிசைக்காரருக்கு மட்டும் லாபம் போகாமல் இருக்க ஒரு முறை உண்டு. அகமதாபாத்தில் 76 கிலோமீட்டர் வட்டச் சாலையைப் போட்டபோது பெரும்பாலும் இப்படித்தான் செய்தார்கள். நிலக்காரர்கள் எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரும் ஒரு பங்கை ரோட்டுக்கும் பூங்காவுக்கும் விட்டு, மீதியை வழியோடு கூடிய ஒழுங்கான மனையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பின்னால் இருக்கிறவருக்கும் ரோடு கிடைக்கும். நிலத் திரட்டு என்று நம் சட்டத்திலும் இதற்கு 2018-இல் இடம் செய்தாகிவிட்டது. சந்திப்புகளில் இதைக் கேளுங்கள்.

கட்டடம் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஊருக்கு வெளியே நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். உங்கள் சாலை மாநிலச் சாலை, இருந்தாலும் அதே அளவைப் பிளானிலேயே எழுதி வைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பிற்பாடு சர்வீஸ் ரோடு போட அந்த இடம்தான் மிஞ்சும்.

---

தோப்புவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செம்மேட்டு அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அவரு சொல்றதும் நெசந்தான்" என்றார். சித்தப்பா அந்த இடத்தில்தான் முதல் தடவை வாய் திறந்தார், தங்கச்சி கல்யாணக் கடன் இன்னும் நான்கு லட்சம் நிற்கிறதாம், எங்களிடம் சொல்லவே இல்லை. அதைத் தோட்டத்து வருமானத்தில் பங்கு மாற்றி அடைப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

நேற்றுக் காலையில் நாங்கள் மூன்று பேரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கிணற்றிலிருந்து மேற்கே 62 அடியில் பழைய வண்டிப்பாதை இருக்கிறது, ஒரு காலத்தில் சந்தைக்குப் போன தடம். கிராம வரைபடத்திலும் அது வண்டிப்பாதை என்றே இருக்கிறது. அந்தப் புள்ளிக் கோட்டை அதன் மேல் நகர்த்தினால் எங்கள் கிணறும் பிழைக்கும், வடக்கே இருக்கிறவருடைய களமும் பிழைக்கும். அவரையும் கூப்பிட்டோம். நான்கு தோட்டக்காரர்கள் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுகிறோம், ஆளுக்கு ஒரு புலப்படம் இணைத்து.

மனுவில் முதலில் கோட்டை நகர்த்துவது, இரண்டாவது சந்திப்புகளில் மட்டும் ஆழமாக உபயோக மாற்றம், அதுவும் நிலத் திரட்டு முறையில். மூன்றாவது சாலை ஓரத்தில் வாசல் கூடாது, சர்வீஸ் ரோட்டுக்கு இடம் விட வேண்டும். நான்காவது சாலைக்கு அடியில் எங்கள் வாய்க்கால் கடக்கிற இடத்தில் பாலத்தின் அகலம், இது பிளானில் வராது, நெடுஞ்சாலைத் துறைக்குத் தனியாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஹாகா பட்டியலையும் பார்க்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் நாளைக்குப் போகிறேன்.

பழைய வரைபடக்கார ஐயா, ஒரு சந்தேகம் மட்டும். பட்டா கூட்டுப் பட்டாவாக, இறந்துபோன தாத்தா பெயரும் சேர்ந்து இருக்கிறது. மனுவில் அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டால் போதுமா, அத்தைகள் இரண்டு பேரும் போட வேண்டுமா? ஒருவர் திருப்பூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும்.

---

பழைய வரைபடக்காரர் எழுதியது:

ஆட்சேபனை யார் வேண்டுமானாலும் எழுதலாம் தம்பி, நிலத்துக்காரராக இருக்க வேண்டும் என்றே இல்லை, அதனால் இரண்டு பேர் கையெழுத்தே போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை நாள் இருந்தால் அத்தைகளையும் போடச் சொல்லுங்கள். நாளைக்கு உபயோக மாற்றம் என்று போனால் அவர்கள் சம்மதம் கட்டாயம் கேட்பார்கள், இப்போதே விஷயம் தெரிந்திருப்பது நல்லது. பட்டாவில் தாத்தா பெயரை மாற்ற வாரிசுச் சான்றோடு தனியாக மனு கொடுங்கள், அதையும் இதையும் ஒரே கவரில் வைக்க வேண்டாம்.